பி.எம்.கிசான் இரண்டாயிரம் எங்கே நிற்கிறது? தவணை வராதவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சம்பா நடவு முடிந்து உரம் போடுகிற நேரம். 50 கிலோ டிஏபி மூட்டை ஒன்று 1,350 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, அதில் இரண்டு. கூட்டினால் 1,883. நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தருகிற பி.எம்.கிசான் தவணைப் பணம் 2,000 ரூபாயில் இந்த மூன்று மூட்டையை வாங்கிவிட்டு, மிச்சம் 117 ரூபாயை லோடு ஆட்டோக்காரரிடம் கொடுத்தால் கணக்கு நேர். திருவாரூர் பக்கம் நாலைந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கர் வாக்கில், வைத்துக்கொண்டு ஓட்டுகிற குடும்பத்துக்கு அந்தத் தவணையின் மதிப்பு இவ்வளவுதான், இவ்வளவும்தான். வராவிட்டால் அந்த மூன்று மூட்டைக்கு உரக்கடையில் கடன் சொல்ல வேண்டும்.

ஊரில் போன் பார்க்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் சில வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். "தம்பி, மோடி பணம் நின்னுபோச்சுடா, என்னன்னு பாரு" என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே இரண்டு, மூன்று ஆபீஸ் ஏறி இறங்கியிருப்பார்கள். வங்கியில் "எங்களுக்குத் தெரியாது, வேளாண்மை ஆபீஸில் கேளுங்க" என்றிருப்பார்கள். அங்கே போனால் "உங்க ஆதார்ல பிரச்சினை" என்றிருப்பார்கள். ஒரு நாள் கூலி, பஸ் காசு, டீக்காசு போனதுதான் மிச்சம்.

இந்தப் பணம் வருவதற்கு மூன்று பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்: நிலம், ஆதார், வங்கிக் கணக்கு. மூன்றையும் வைத்திருப்பது மூன்று வெவ்வேறு துறை. எது பிசகியிருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டு, அதற்குரிய வாசலுக்கு மட்டும் போங்கள். கீழே சொல்வதெல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழிதான்.

திட்டம் சுருக்கமாக

2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. கணக்கு 2018 டிசம்பர் 1 முதல். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒன்று, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒன்று, டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்று. இந்த நான்கு மாதத்துக்குள் எந்த நாள் வரும் என்பது டெல்லிக்காரர்கள் விழாவுக்குக் குறிக்கிற தேதியைப் பொறுத்தது. 20-வது தவணை 2025 ஆகஸ்ட் 2 அன்று வாரணாசியில் விடப்பட்டது. 21-வது அதே ஆண்டு நவம்பர் 19 அன்று நம் கோயம்புத்தூரில். ஆகவே "பக்கத்து வீட்டுக்கு வந்துடுச்சா?" என்று முதலில் கேளுங்கள். அவர்களுக்கும் வரவில்லை என்றால் தவணையே இன்னும் விடவில்லை, நீங்கள் எங்கேயும் போக வேண்டாம்.

முதலில் இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்றிருந்தது. 2019 ஜூன் 1 முதல் அந்த வரம்பு எடுக்கப்பட்டு, நிலம் வைத்திருக்கும் எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்றானது.

முதல் படி: நமக்கு உண்டா, இல்லையா?

இதில்தான் வதந்தி அதிகம். "பையன் சென்னையில ஐடி கம்பெனியில வேலை பார்க்கிறான், வரி கட்டுறான், அதனால உங்களுக்குக் கிடையாது" என்று எங்கள் தெருவில் ஒருவரைச் சொல்லியே பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அது தவறு. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள். அவ்வளவுதான். வேலைக்குப் போகிற பையன் தனிக் குடும்பம். அவன் கட்டுகிற வரிக்கும் அப்பாவின் தவணைக்கும் சம்பந்தமில்லை. மருமகள் அரசுப் பள்ளி ஆசிரியை என்றாலும் அப்படித்தான், மாமனாருக்கு வரும்.

ஆனால் மனைவி ஆசிரியை, கணவர் பெயரில் நிலம் என்றால் வராது. இருவரும் ஒரே குடும்பம். இரண்டு பேர் பெயரிலும் தனித்தனிப் பட்டா இருந்தாலும் ஒருவருக்கு மட்டும்தான். இதை அறியாமல், அல்லது அறிந்தே, இருவரும் வாங்கிவந்த வீடுகள் நிறைய. அது பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

யாருக்கெல்லாம் கிடையாது என்றால்: கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்கள், மத்திய, மாநில அரசு, பொதுத்துறை, உள்ளாட்சிப் பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் (நான்காம் நிலை, குரூப் டி ஊழியர்களுக்கு விலக்கு உண்டு, அவர்கள் வாங்கலாம்), மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவர்கள், இதிலும் நான்காம் நிலையினருக்கு அதே விலக்கு, தங்கள் தொழிலுக்குரிய மன்றத்தில் பதிவு செய்து தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், ஆடிட்டர், கட்டடக் கலைஞர், எம்.எல்.ஏ., எம்.பி., அமைச்சர், மேயர், மாவட்ட ஊராட்சித் தலைவர் பதவியில் இருப்பவர்கள், இருந்தவர்கள். கோயில், மடம், அறக்கட்டளை, கம்பெனி பெயரில் உள்ள நிலத்துக்கும் இல்லை.

அடுத்தது தேதி. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரயம் வாங்கிய நிலத்துக்கு இந்தப் பணம் வராது. அப்பா உயிரோடு இருக்கும்போதே 2021-இல் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார் என்றாலும் வராது. நம் பக்கம் செட்டில்மென்ட் எழுதுவது சகஜம் என்பதால் இங்கே அடிபடுகிறவர்கள் அதிகம். ஒரே விதிவிலக்கு இறப்பு. நிலத்துக்காரர் இறந்து வாரிசு வழியில் பெயர் மாறியிருந்தால் தேதித் தடை கிடையாது.

கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்கள் கலங்க வேண்டாம். ஒரே பட்டாவில் அண்ணன் தம்பி மூவர் பெயர் இருந்து, மூவரும் தனித்தனிக் குடும்பம் என்றால், மூவருக்கும் தனித்தனியே ஆண்டுக்கு 6,000.

இரண்டாவது படி: நிலையைப் பாருங்கள்

பி.எம்.கிசான் இணையதளத்துக்குப் போங்கள். முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். மேலே மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மொழிபெயர்ப்பு சில இடங்களில் ஆங்கிலத்தைவிடக் குழப்பும். நான் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவேன்.

'நோ யுவர் ஸ்டேட்டஸ்' என்ற கட்டத்தைத் தொட்டால் பதிவு எண் கேட்கும். தெரியாது என்றால் அதே பக்கத்தில் 'நோ யுவர் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்' இருக்கிறது. ஆதார் எண்ணையோ, பதிவின்போது கொடுத்த கைப்பேசி எண்ணையோ போட்டு, ஓடிபி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைப் பாஸ்புக் அட்டையின் உள்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த நாலு மாதத்தில் மறுபடி தேடுவீர்கள்.

பக்கம் திறந்ததும் பெயர், ஊர், பதிவு தேதிக்குக் கீழே மூன்று வரி இருக்கும். லேண்ட் சீடிங் (பதிவில் உங்கள் நிலம் இணைந்திருப்பது), இ-கேஒய்சி (ஆதார் வழியே ஆள் நீங்கள்தான் என்று உறுதிசெய்வது), ஆதார் பேங்க் அக்கவுண்ட் சீடிங் (வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருப்பது). ஒவ்வொன்றுக்கும் எதிரே 'யெஸ்' அல்லது 'நோ'. எது 'நோ' என்று இருக்கிறதோ அதுதான் உங்கள் வாசல். முதலாவது என்றால் வேளாண்மை அலுவலகம், சில சமயம் விஏஓ. இரண்டாவது என்றால் எங்கேயும் போகாமல் கைப்பேசியிலேயே முடியும். மூன்றாவது என்றால் வங்கி.

அதற்குக் கீழே தவணைவாரியாக ஒரு வரி இருக்கும். 'வெயிட்டிங் ஃபார் அப்ரூவல் பை ஸ்டேட்' என்றால் மாநில அளவில் இன்னும் ஒப்புதல் ஆகவில்லை. 'ஆர்எஃப்டி சைன்டு பை ஸ்டேட்' என்றால் மாநிலம் சரிபார்த்துப் பணம் கேட்டு அனுப்பிவிட்டது. 'எஃப்டிஓ ஜெனரேட்டட்' என்றால் பணம் அனுப்பும் ஆணை போட்டாயிற்று, வங்கிக்கு வந்து சேருவதுதான் பாக்கி. கடைசி இரண்டில் ஒன்று தெரிந்தால் பேசாமல் காத்திருங்கள், யாருக்கும் மனு வேண்டாம்.

மூன்றாவது படி: வங்கி

இதை முன்னாலேயே சொல்லக் காரணம் என் சித்தப்பா. தொடர்ந்து நான்கு தவணை வரவில்லை என்றார். 8,000 ரூபாய். வேளாண்மை ஆபீஸுக்கு மூன்று தடவை போயிருக்கிறார். நான் நிலையைப் பார்த்தால் மூன்று வரியிலும் 'யெஸ்'. தவணைக்கு எதிரே பணம் செலுத்தப்பட்டது என்றே இருந்தது, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தோடு. அந்த இலக்கம் சித்தப்பா கையில் வைத்திருந்த பாஸ்புக்கில் இல்லை. "வேற எங்கயாச்சும் கணக்கு இருக்கா சித்தப்பா?" என்றால், இல்லவே இல்லை என்று சாதித்தார். சித்திதான் உள்ளேயிருந்து, "நூறு நாள் வேலைக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சீங்களே" என்றார். அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்த அந்தப் பாஸ்புக்கை அச்சடித்தபோது நான்கு 2,000-மும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது.

நடந்தது என்னவென்றால், இந்தப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதாரைப் பார்த்துப் போகிறது. உங்களுக்கு ஐந்து வங்கியில் கணக்கு இருக்கலாம். கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை மானியத்துக்கென்று இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். புதுக் கணக்கு தொடங்கும்போது நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம். அதில் ஆதாரை இந்தக் கணக்குக்கு மாற்றச் சம்மதம் என்ற வரியும் இருந்திருக்கும்.

எந்த வங்கி என்று பார்க்க ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற பகுதி உண்டு. ஆதார் எண், ஓடிபி. வங்கியின் பெயரும், இணைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்பதும் வரும். அங்கே வேறு வங்கியின் பெயர் இருந்தால் பணம் தொலையவில்லை, அங்கே கிடக்கிறது.

இணைப்பே இல்லை என்று வந்தால் உங்கள் வங்கிக் கிளைக்கு ஆதார் நகலோடு போய், "ஆதார் சீடிங் பண்ணணும், டிபிடிக்கு" என்று கேளுங்கள். டிபிடி என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது. வெறுமனே "ஆதார் லிங்க்" என்றால் கேஒய்சிக்கு, அதாவது வாடிக்கையாளர் அடையாளத்துக்கு, நகலை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. கணக்கில் ஆதார் இருப்பது ஒன்று, பணம் வருகிற தடத்தில் அந்தக் கணக்கு பதிவாகியிருப்பது இன்னொன்று. 'டிபிடி' என்ற சொல்லைச் சொல்லுங்கள், படிவத்திலும் அது இருக்கிறதா பாருங்கள். கிளைக்கு அலைய முடியாத வயதானவர்களுக்கு அஞ்சலக வழி எளிது. தபால்காரரிடம் சொன்னால் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கை வீட்டு வாசலில் விரல் ரேகை வைத்தே தொடங்கி, ஆதாரையும் இணைத்துத் தருவார்கள். பணம் எடுப்பதும் அவர் கையிலேயே.

கணக்கை நீண்டநாள் தொடாமல் விட்டிருந்தாலோ, கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வந்த குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டிருந்தாலோ கணக்கு முடங்கி, பணம் வந்த வழியே திரும்பியிருக்கும். இதற்கும் கிளைதான்.

நான்காவது படி: இ-கேஒய்சி

மூன்று வழி. ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருந்தால் இணையதளத்திலேயே ஓடிபி போட்டு இரண்டு நிமிடத்தில் முடிக்கலாம். செலவில்லை. எண் இணைக்கவில்லை என்றால் பொதுச்சேவை மையத்தில் விரல் ரேகை.

விரல் ரேகையில் ஒரு சிக்கல். வருடக்கணக்காக நடவும் களையெடுப்பும் செய்த கைகளில் ரேகை எங்கே இருக்கிறது? எங்கள் அத்தைக்குப் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம், ஈரத்துணியில் துடைத்துப் பார்த்தோம். இயந்திரம் ஒவ்வொரு முறையும் சிவப்பு காட்டியது. சென்டர்க்காரப் பையன், "அடுத்த வாரம் வாங்க பாட்டி, கை கொஞ்சம் தெளிஞ்சிருக்கும்" என்றான்.

மூன்றாவது வழி இவர்களுக்குத்தான். முகத்தைக் காட்டியே இ-கேஒய்சி முடிக்கும் வசதி 2023 ஜூனில் பி.எம்.கிசான் கைப்பேசிச் செயலியில் வந்தது. ப்ளே ஸ்டோரிலிருந்து அந்தச் செயலியையும், 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' என்ற இன்னொன்றையும் இறக்கிக்கொள்ள வேண்டும். வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி வாசல் திண்ணையில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணை ஒருமுறை சிமிட்டச் சொன்னால் முடிந்தது. அத்தைக்கு இரண்டாவது முயற்சியிலேயே ஆனது. ஒருவர் தன் கைப்பேசியிலிருந்தே நூறு பேர் வரைக்கும் இப்படிச் செய்து கொடுக்கலாம் என்று விதியே இருக்கிறது. ஊருக்கு ஒரு பிள்ளை உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தெரு முடியும்.

ஐந்தாவது படி: நிலம்

'லேண்ட் சீடிங் நோ' என்று வந்தால் அதை நீங்களாக இணையத்தில் சரிசெய்ய முடியாது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உங்கள் கிராமத்தைப் பார்க்கிற உதவி வேளாண்மை அலுவலரிடம் போக வேண்டும். பட்டா, சிட்டா நகல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், நிலைப் பக்கத்தின் அச்சு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நிலைப் பக்கம் முக்கியம். அதைக் கையில் கொடுத்தால் "ஆதார்ல பிரச்சினை" என்ற பதில் வராது.

போகும் முன்னால் பட்டாவைப் புதிதாக எடுத்துப் பாருங்கள். மாநில அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் போட்டால் இலவசமாகவே கிடைக்கும். பீரோவில் இருக்கும் பழைய பட்டாவை நம்பாதீர்கள். கணினியில் ஏற்றும்போது பெயர் மாறிப்போனதும், உட்பிரிவு எண் விட்டுப்போனதும் உண்டு.

பரப்பைப் படிப்பதில் கவனம். நாம் மாவிலும் குழியிலும் பேசுகிறோம், பத்திரத்தில் ஏக்கர் சென்ட், பட்டாவில் ஹெக்டேர் ஏர். 1 ஏக்கர் என்பது ஏறத்தாழ 40.5 ஏர். அதாவது 0.405 ஹெக்டேர். ஒரு மா சுமார் 33 சென்ட் என்று வைத்தால் 13 ஏருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு ஏக்கர்காரர் ஹெக்டேர் கட்டத்தில் '1' என்று போட்டுவிட்டால், பட்டாவில் 0.40.5, விண்ணப்பத்தில் 1. இரண்டும் ஒத்துவராது, பதிவு நின்றுவிடும்.

பெயர் இன்னொரு தலைவலி. பட்டாவில் 'கோவிந்தசாமி மனைவி ராஜலட்சுமி' என்றிருக்கும். ஆதாரில் 'ராஜலெச்சுமி ஜி'. நமக்கு இரண்டும் ஒரே ஆள். கணினிக்கு அல்ல. எதை மாற்றுவது என்று கேட்டால் ஆதாருக்கு ஏற்ப மற்றதை மாற்றுங்கள் என்பேன். பி.எம்.கிசான் தளத்திலேயே ஆதாரில் உள்ளபடி பெயரைத் திருத்தும் வசதி இருக்கிறது. ஆதாரைத் தொட்டால் ரேஷன் கார்டு, வங்கி, வாக்காளர் அட்டை என்று வரிசையாக எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? டெல்டாவில் பாதி வீட்டுக் கதை இது. தாத்தா இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும், அப்பாவும் பெரியப்பாவும் வரப்புப் போட்டுப் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள், ஏட்டில் தாத்தாதான் விவசாயி. இதற்குக் குறுக்குவழி கிடையாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்ய வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகவில்லை என்றால் வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வரும். இந்தத் திட்டத்துக்கு அதுவே போதும். தனிப் பட்டாதான் வேண்டும் என்று அண்ணன் தம்பிக்குள் பேசத் தொடங்கினால் சர்வேயர், உட்பிரிவு, அத்தைமார் கையெழுத்து என்று வருடக்கணக்கில் போகும். கூட்டுப் பட்டாவை முதலில் வாங்கிக்கொண்டு சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் நிலம் 2019 பிப்ரவரி 1-க்கு முன்பா, பின்பா என்ற கேள்வியும், எந்த வழியில் வந்தது என்ற கேள்வியும் இருக்கும். வாரிசு வழியில் வந்தவர்கள் அதைச் சரியாகக் குறிக்க வேண்டும். சென்டரில் அவசரத்தில் 'கிரயம்' என்று தட்டிவிட்டால் தள்ளுபடிதான். பக்கத்தில் நின்று திரையைப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டால் அவருடைய பதிவை நிறுத்தச் சொல்லி வேளாண்மை அலுவலகத்தில் தெரிவித்துவிட்டு, வாரிசு புதிதாகப் பதிய வேண்டும். இறந்தவர் கணக்கில் தொடர்ந்து விழும் தவணையை ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டிருப்பது பிறகு வசூல் நோட்டீஸாக வரும்.

விவசாயி அடையாள எண்

2025 தொடக்கத்திலிருந்து கிராமம்தோறும் முகாம் போட்டு, ஆதாரையும் பட்டாவையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் தனித்துவ அடையாள எண் கொடுத்துவருகிறார்கள். பொதுச்சேவை மையத்திலும் பதியலாம். இதற்குக் கட்டணம் இல்லை. கிசான் பணத்துக்கும் சரி, மற்ற மானியங்களுக்கும் சரி, இப்போது இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் உள்ள எல்லாப் பட்டா எண்ணையும் ஒரே தடவையில் சேர்க்கச் சொல்லுங்கள். வேறு கிராமத்தில் உள்ள நிலத்தை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாம் 'யெஸ்', ஆனாலும் பணம் நின்றுவிட்டதா?

20-வது தவணையில் 9.7 கோடிப் பேர் என்று அறிவித்தார்கள், 21-வதில் சுமார் 9 கோடி. அந்த இடைவெளியில்தான் சந்தேகப் பட்டியல் ஒன்று போட்டு, நேரில் சரிபார்க்கும்வரை பணத்தை நிறுத்திவைத்தார்கள். அதில் இரண்டு வகையினர் முக்கியம்: 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் பெயருக்கு வந்தவர்கள், ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வாங்கியவர்கள்.

உங்கள் நிலைப் பக்கத்தில் தகுதி குறித்த எச்சரிக்கை இருந்தால் உண்மையிலேயே எந்த வகை என்று பாருங்கள். தாத்தா இறந்து 2022-இல் பட்டா மாறியதால் பட்டியலில் வந்திருந்தால், இறப்பு, வாரிசுச் சான்றிதழ்களோடு வேளாண்மை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நியாயம் உங்கள் பக்கம். கணவன், மனைவி இருவரும் வாங்கியிருந்தால் ஒருவர் பதிவை விட்டுக்கொடுத்துவிடுவதுதான் வழி. தளத்தில் தானாக விலகுவதற்கும், தகுதியில்லாமல் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதற்கும் தனித்தனி வசதி இருக்கிறது.

நம் மாநிலத்தில் அதிகாரிகள் இவ்வளவு கெடுபிடியாக இருப்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2020-இல் கொரோனா நேரத்தில் பதிவைத் தளர்த்தியபோது, அலுவலர்களின் கடவுச்சொல்லை வைத்துத் தரகர்கள் நிலமே இல்லாதவர்களை லட்சக்கணக்கில் ஏற்றிவிட்டார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில். சுமார் 110 கோடி ரூபாய் போனதாக அப்போது அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரணை, கைது, பணிநீக்கம் எல்லாம் நடந்தது. அதன் பிறகு ஒரு ஒப்புதலுக்கு மூன்று கை மாறுகிறது. அன்று தரகர் தின்ற காசுக்கு இன்று நிஜ விவசாயி வரிசையில் நிற்கிறார்.

மனு எழுதுவது

"ஐயா, எனக்குப் பணம் வரவில்லை, ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்ற மனுவை நூறு பேர் கொடுக்கிறார்கள். இப்படி எழுதுங்கள்:

"என் பி.எம்.கிசான் பதிவு எண் இது. கிராமம், பட்டா எண், புல எண், உட்பிரிவு இவை. 19-வது தவணை வரை பெற்றேன். 20-வது முதல் வரவில்லை. இன்ன தேதியில் நிலையைப் பார்த்தபோது 'லேண்ட் சீடிங் நோ' என்று இருந்தது. பட்டா 2011 முதல் என் பெயரில் உள்ளது. நகல்கள் இணைத்துள்ளேன். நிலப் பதிவைச் சேர்த்து, நிலுவைத் தவணைகளையும் பெற்றுத்தரக் கோருகிறேன்."

நிலுவை என்ற சொல்லை விடாதீர்கள். தகுதி இருந்தும் ஆவணக் கோளாறால் நின்ற தவணைகளை, கோளாறு சரியான பிறகு கேட்டுப் பெறலாம். இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு.

ஒரு மாதம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலோ அந்த முத்திரை நகலோடு கொடுங்கள். இரண்டாவது மேல். அங்கே வேளாண்மை இணை இயக்குநரே உட்கார்ந்திருப்பார். தொலைபேசியில் என்றால் திட்ட உதவி எண் 155261, மாநிலத்தின் 1100. 155261-இல் இந்தியில் தொடங்கினால் பொறுமையாக "தமிழ்" என்று சொல்லிக் காத்திருங்கள். வழி சொல்வார்களே தவிர வேலை நடப்பது உள்ளூரில்தான்.

வாட்ஸ்அப் செய்தி

"உங்கள் கிசான் தவணை நிறுத்தப்பட்டது, இதை இறக்குங்கள்" என்று 'ஏபிகே' கோப்போடு, அதாவது செயலியை நேரடியாகப் போனில் ஏற்றும் கோப்போடு, வருகிற செய்தி எதுவும் அரசிடமிருந்து வருவதல்ல. அதைத் தொட்டால் கைப்பேசி இன்னொருவன் கைக்குப் போய்விடும், ஓடிபியும் சேர்ந்து போகும். ஊர்க் குழுவில் யாராவது போட்டால் உடனே அழிக்கச் சொல்லுங்கள். அனுப்பியவர் பெரும்பாலும் நம் மாமாவாகத்தான் இருப்பார், அவர் போன் ஏற்கெனவே போயிருக்கும்.

குத்தகைக்காரர்களுக்கு

இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுக்கக் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுகிறவர்கள் இருக்கிறார்கள். நிலம் நிறுவனத்தின் பெயரில், உழவு இவர்கள் கையில். பட்டா இல்லை, ஆகவே பணம் இல்லை. 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயர் பதிந்திருந்தாலும் இங்கே செல்லாது. தனியாரிடம் வாய்வார்த்தைக் குத்தகை என்றால் தவணை பட்டணத்தில் இருக்கும் நிலத்துக்காரர் கணக்குக்குப் போகும், மூன்று மூட்டை உரம் வாங்குகிறவர் வேறு ஆள்.

அவர்கள் கைக்கு எட்டுவது பயிர்க் காப்பீடுதான். அதில் குத்தகைதாரரும் சேரலாம், நிலத்துக்குச் சான்றாக, எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று விஏஓ தருகிற சாகுபடி அடங்கல் போதும். சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அந்த வாரம் விஏஓ அலுவலக வாசலில் நிற்கிற கூட்டத்தையும், சர்வர் படுத்துவிடுவதையும் பார்த்தவர்கள் தீபாவளி முடிந்த கையோடு அடங்கலை வாங்கிவிடுவார்கள். நீங்களும் வாங்கிவிடுங்கள்.